கப்பலில் வந்த கிறிஸ்துமஸ் தாத்தா

பக்தவத்சலத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுக்கு மேல் தேறாது. குடிக்க மாட்டார். தினமும் குளிப்பார். மற்றபடி வாயைத் திறந்தால் புளுகுதான்.

எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் அவர் குடும்பம் கீழ்வீடு, நான் மாடி. கப்பல் ஆபீஸில் தபால்களை நோட்டில் பதிகிற வேலை அவருக்கு. டிக்கெட் கவுண்டர் பக்கம் போனால் விரட்டி விடுவார்கள். ஆனால் பேச்சைக் கேட்க வேண்டுமே! "அரே, டென்ஷன் எதுக்கு சுகுணாக்கா? நான் ஒரு வார்த்தை சொன்னா கப்பல்ல படுத்துட்டுப் போற பங்க் டிக்கெட் பக்கா" என்பார். நம்பி ஒருமுறை பக்கத்துத் தீவிலிருக்கும் ஹட் பே போக மூட்டை முடிச்சோடு கப்பல் துறையில் நின்றேன். பட்டியலில் என் பெயரே இல்லை. கப்பல் என் கண்ணெதிரே கிளம்பிப் போனது. அன்றோடு அவரை நம்புவதை விட்டேன். அவர் மனைவி ருக்கு எனக்கு முன்பே விட்டுவிட்டாள். இந்த ஊரில் அவரை நம்பிக்கொண்டிருந்த ஒரே ஜீவன் ஒன்பது வயது மகள் கார்த்திகா. மனுஷனும் அந்த ஒன்றை வைத்துத்தான் நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து, நம் வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா வர வேண்டும் என்று அவள் அடம்பிடித்த வருஷம், இவர் அதிலும் தன்னை நுழைத்துக்கொண்டார். தாத்தா மான் வண்டியில் எல்லாம் வருவதில்லையாம். சென்னைக் கப்பலில் வருகிறாராம். வருஷாவருஷம் அவருக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதே இவர்தானாம். வெட்கம் வேண்டாமா? பிள்ளை அதை வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துவிட்டு வந்தது.

போன டிசம்பரில் புயல். சென்னையிலிருந்து கப்பல் நகரவே இல்லை. கப்பல் வந்ததா, வரவில்லையா என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த வீட்டில் கேட்கவே வேண்டாம். லீவுக்கு வர வேண்டிய ருக்குவின் தங்கை ரூபா அதே கப்பலுக்காகச் சென்னையில் காத்துக் கிடந்தாள். "எப்ப கிளம்பினாலும் உன் டிக்கெட் பக்கா, நான் பேசிட்டேன்" என்று இவர் வேறு அவளிடம் போனில் அளந்திருந்தார்.

இருபத்தைந்தாம் தேதி காலை தோசைமாவு கேட்டுக் கீழே போனேன். கார்த்திகாவின் தலையணை பக்கத்தில் ஒரு கலர் பென்சில் பெட்டி. இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாத்தியா கார்த்தி? நேத்து கப்பல்ல தாத்தா வந்துட்டாரு!"

பிள்ளை பெட்டியைத் தொடவில்லை. "கப்பல்தான் வரலையேப்பா. சித்தி இன்னும் சென்னையிலதானே இருக்கா?"

ருக்கு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் அத்தோடு விட்டிருக்கலாம்.

"அது... தாத்தாவை மட்டும் ஃப்ளைட்ல ஏத்திவிடச் சொன்னேன்மா. ஏர்போர்ட்ல நம்ம ஆளு இருக்கான்."

தூ! ஒரு பென்சில் பெட்டியை நான்தான் வாங்கினேன் என்று சொல்லக்கூட இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை.

கார்த்திகா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். ஊர் மொத்தமும் அவரைப் பார்க்கிற பார்வை அந்தப் பிஞ்சு முகத்தில் வந்துவிட்டது. அவர் எதிரில் நிற்கும்போதே அம்மாவின் போனை எடுத்துச் சென்னைக்குப் பேசினாள்.

"சித்தி, அப்பா டிக்கெட் பக்கான்னு சொன்னாருல்ல? அத நம்பாத. நீயே போய் லைன்ல நில்லு."