கறையை விட்டுவைக்கும் இயந்திரம்

எழுதுவது என் வேலை இல்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம், அத்தோடு என் படிப்பு முடிந்தது. கடைக்குப் போனால் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பி வருகிற கூச்சக்காரன் நான். அப்படிப்பட்டவன் நாலு பேர் படிக்கிற இடத்தில் வந்து நிற்பதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பழைய காரின் பானெட்டில் இருந்த மூன்று பொட்டுகளைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கார் என் அத்தானுடையது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, ஆட்கள் கலைந்தபோது அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டுக்கு வந்து, எங்கள் வரிசையிலேயே ஒரு வீடு எடுத்தார். அதன் பிறகு வாங்கிய கருநீலக் கார் அது. வீட்டுக் கூரைக்கு அடியில் பாதிதான் நுழையும். முன்பாதி எப்போதும் வெயிலில் கிடக்கும். கூரைக்கு அடியில் இருந்த பின்பாதி மட்டும் கருநீலமாக இருக்க, முன்பாதி வெளுத்து, சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிட்டது.

அக்கா இறந்த ஆண்டு, கோப்பெங் சாலையில் ஒரு லோரி அந்தக் காரை உரசுகிற மாதிரி வந்து விலகிப் போனது. உள்ளே இருந்த அத்தானும் அக்காவும் தப்பித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானை வாசலிலேயே நிறுத்தி, காரோடு சேர்த்து ஆரத்தி சுற்றினாள். மஞ்சளில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே குழைத்துவிட்டாள். தட்டின் அடியில் தங்கிய சிவப்புக் குழம்பை எடுத்து பானெட்டில் மூன்று பொட்டு வைத்தாள். எல்லாரும் மோதிர விரலால் வைப்பார்கள். அக்கா எதையும் கட்டைவிரலால் அழுத்தித்தான் வைப்பாள். அன்று மாலையே அவளுக்கு நெஞ்சு வலித்தது. அதே காரில்தான் ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கார் அங்கே திறந்த வெளியில், வெயிலிலும் மழையிலும், அக்கா போய்ச் சேரும்வரை நின்றது. பொட்டைத் துடைக்க யாருக்கு நினைவு வரும்?

கருமாதி முடிந்து அத்தான் காரைக் கழுவினார். சிவப்பு போய்விட்டது. ஆனால் சுண்ணாம்பு அரித்த இடம் போகவில்லை. மூன்று கட்டைவிரல் தடங்கள், கோழி முட்டையைச் சிறிதாக்கி வரிசையாக வைத்த மாதிரி, பானெட்டின் நடுவில் நின்றன. அத்தான் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் காரைக் கழுவும்போது அந்த இடத்துக்கு மட்டும் துணியைப் போட மாட்டார். வெறும் கையால் தண்ணீரை அள்ளி விடுவார். என் வீட்டு வாசலில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்தேன் என்று அவரிடம் நான் சொன்னதில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு எப்போதுமே அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெரிய காரை வாடகைக்கு எடுக்கிறோம் என்றார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “அம்மா உக்காந்த காடியிலதான் நான் மண்டபத்துக்குப் போவேன்,” என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் அக்கா சிரித்துக்கொண்டே, “அந்த சுண்ணாம்புக் காடியிலயா? பட்டுப் புடவையில ஒட்டிக்கப் போவுது, பாத்து லா,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்து, “மச்சான், பாலிஷ் மெஷின் ஒண்ணு பாக்கணும், வாரியா?” என்றார்.

பட்டறையில் கொடுத்தால் அரை நாளில் முடித்துக் கொடுப்பார்கள். அவர் ஏன் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கொடுத்தால் மற்ற எல்லாவற்றோடும் அந்த மூன்றையும் தேய்த்து எடுத்துவிடுவார்கள்.

ஈப்போவில் நாங்கள் போன கடை ஒரு தமிழ் முஸ்லிம் பாயுடையது. ஆணி முதல் தண்ணீர்க் குழாய் வரை எல்லாம் விற்பார். பாய் இரண்டு இயந்திரங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கனமானது, நீளக் கைப்பிடியோடு. “இது ஒரே சுத்தா சுத்தும்ணே. வேலை சட்டுனு முடியும். ஆனா ஒரே இடத்துல கொஞ்சம் நிறுத்துனீங்க, சூடேறி பெயிண்ட் வெந்து போயிரும். பழகின கை வேணும்.” மற்றது குட்டை. “இது சுத்திக்கிட்டே ஆடும். மெதுவாத்தான் போவும், ஆனா காடியைக் கெடுக்காது. வீட்டுக்கு இதுதான் லா.”

அத்தான் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். குட்டையானதன் வேகத் திருகை ஒன்றாம் எண்ணில் வைத்து ஓடவிடச் சொன்னார். பிறகு இயந்திரத்தைத் திருப்பி, அதன் முகத்தில் ஓடுகிற பஞ்சைத் தன் புறங்கையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு தேய்க்கிறது என்று தன் தோலிலேயே பார்த்தார்.

“என்னண்ணே, கையையும் பாலிஷ் போடுறீங்களா? கல்யாண மாப்பிள்ளை நீங்களா?” என்றார் பாய்.

“கூசுது,” என்றார் அத்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “இதுல அடிச்சா கறை போவுமா?” என்று கேட்டார்.

“போவும்ணே. கவலையே வேணாம்.”

“போவாம இருக்க எதாவது மெஷின் இருக்கா?”

பாய் அவரையும் என்னையும் பார்த்தார். “எல்லாரும் கறை போவணும்னு வருவாங்க. இவரு போவக் கூடாதுங்கிறாரு! தம்பி, உங்க அத்தான் காலையில பசியாறினாரா இல்லையா?”

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை போதும், பாய்க்கு விளங்கியிருக்கும். ஆனால் அது அத்தானுடைய விஷயம். அவரே மூடி வைத்திருப்பதை நான் எப்படி ஒரு கடையில் வைத்துத் திறப்பது? சாய டின்களில் எழுதியிருந்ததைப் படிப்பது போல நின்றேன்.

“ஒரு இடத்துல மட்டும் போவக் கூடாது, பாய்,” என்றார் அத்தான், மேசையைப் பார்த்துக்கொண்டே.

பாய் அதற்குமேல் கேட்கவில்லை. “அவ்வளவுதானா? அந்த எடத்துல டேப் ஒட்டிக்குங்க. பட்டறையில கண்ணாடி ஓரத்துக்கு எல்லாம் அப்படித்தான் செய்வாங்க,” என்று ஒரு சுருள் காகித டேப்பை எடுத்து, இயந்திரத்தோடு பையில் போட்டார். “இது நம்ம கல்யாணப் பரிசு.”

சனிக்கிழமை காலையில் அத்தான் காரைக் கழுவிக் காயவைத்து, மூன்று தடங்களின் மேலும் டேப்பை வரிசை வரிசையாக ஒட்டினார். ஓரம் தூக்காதபடி நகத்தால் நீவினார். சமையலறையில் இருந்து மின்கம்பியை இழுத்துக் கொடுத்து, அது சக்கரத்தில் மாட்டாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. முதலில் தேய்ப்புக் குழம்பு, பிறகு மெழுகு. பஞ்சு போன இடமெல்லாம் வெள்ளை விலகி நீலம் வந்தது. பல ஆண்டு பார்க்காத நீலம். அத்தான் அவசரமில்லாமல் வேலை செய்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இப்படி ஒரு வழி இருக்கும் என்று அவர் நம்பியிருக்கவில்லை போலும்.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவளுக்கு அந்தத் தடங்கள் என்னவென்று தெரியாது. பொட்டு வைத்தபோது அவள் வீட்டில் இல்லை. அந்த நாட்களில் அவள் மருத்துவமனைக் கட்டிலைத் தவிர வேறு எதைப் பார்த்தாள்? “மாமா, நீங்களாவது சொல்லுங்க. அந்தக் கறையை மட்டும் பொத்தி வச்சிருக்காரு. போட்டோ எடுக்கிறப்ப அதானே முன்னால தெரியும்?” என்றாள்.

“அது அப்படியே இருக்கட்டும்மா,” என்றார் அத்தான்.

“ஏம்பா?”

அவர் இயந்திரத்தை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் பேச முடியாது.

மதியம் தாண்டியபோது பானெட் சுட்டது. எல்லாம் முடிந்து, அத்தான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உரித்தார். டேப்போடு சேர்ந்து, வெயிலில் கருகிய தோல் உரிகிற மாதிரி, மெல்லிய ஏடு ஒன்று வந்தது. பழைய கார்களில் சாயத்துக்கு மேல் கண்ணாடி போல ஒரு மேல்பூச்சு இருக்குமாம். ஆண்டுக்கணக்கில் வெந்து, அது உரிவதற்குத் தயாராக இருந்திருக்கிறது. அக்காவின் விரல் பதிந்திருந்தது அந்த மேல்பூச்சில்தான். கீழே வெறும் நீலம். ஒரு தடமும் இல்லை.

அத்தான் டேப்பைப் புரட்டி, அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கணம் நானும் பார்த்தேன். ஏட்டில் மங்கலாக, வளைவாக, ஏதோ இருந்தது. காற்று அடித்தது. டேப் சுருண்டு தன் மேலேயே ஒட்டிக்கொண்டது. அத்தான் பிரிக்கப் பார்த்தார். ஏடு தூளாக அவர் விரலில் ஒட்டியது. பிரிக்கப் பிரிக்க உதிர்ந்தது. பிறகு நிறுத்திவிட்டார்.

“அப்பா! போயிருச்சு பாருங்க!” மகள் கைதட்டினாள். “இப்பத்தான் காடி மாதிரி இருக்கு!”

“ஆமா,” என்றார் அத்தான்.

நான் மின்கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பாய் நல்லதைத்தான் சொன்னார். அத்தான் சரியான இயந்திரத்தைத்தான் எடுத்தார். மகளும் சந்தோஷப்பட வேண்டியதற்குத்தான் சந்தோஷப்பட்டாள். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அத்தான் என் பக்கம் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அந்தப் பார்வையில்தான் விளங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேல்பூச்சு போன அந்த ஒரு துண்டு மட்டும் மங்கலாக இருந்தால் நன்றாக இருக்காது. “சுவிட்சைப் போடு மச்சான்,” என்றார். போட்டேன். திருகை ஒன்றாம் எண்ணுக்குக் குறைத்து, அந்த இடத்தை நீண்ட நேரம் தேய்த்து, மெழுகும் பூசினார்.

மறுநாள் ஞாயிறு. பசியாற இருவரும் அந்தக் காரில் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ரொட்டி போடுகிறவர் எட்டிப் பார்த்து, “அண்ணே, புதுக் காடியா?” என்றார். “பழசுதான்,” என்றார் அத்தான். இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டார். நான் ஒன்று.