மட்டிக்கார வசிதி அமெரிக்கா போக இருந்த வருஷம்

வசிதி இரண்டு மட்டிச் சிப்பிகளை எடுத்துக் காதருகே வைத்து ஒன்றோடொன்று தட்டுகிறாள். ஒன்றைக் குவியலில் போடுகிறாள், மற்றதைக் காலடி வாளியில் எறிகிறாள். உயிருள்ள மட்டி கனமாகச் சத்தம் கொடுக்குமாம், செத்தது வெறும் ஓட்டுச் சத்தமாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூட்டையைக் கவிழ்த்தால் எட்டு மணி வரை இதுதான் வேலை. நடுவில் யாராவது விலை கேட்டால், "இரு, மொதல்ல செத்தத எல்லாம் பொறுக்கிக்கிறேன், அப்புறம் வெல சொல்றேன்" என்பாள். அதற்குள் வந்த ஆள் அடுத்த வரிசையில் வாங்கிக்கொண்டு பேருந்தே ஏறியிருக்கும். வசிதி அதற்காக அலட்டிக்கொள்வதில்லை.

எங்கள் தீவுத் தலைநகர் சுவாவின் சந்தையில் பத்தொன்பது வருஷமாக என் மசாலாப் பலகைக்கும் அவள் மட்டிக் குவியலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. என்னை அவள் 'மசாலா' என்றே கூப்பிடுவாள். என் அப்பா வைத்த பெயர் அவளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

"உன் மொளகாத்தூள் பறந்து வந்து என் மட்டியெல்லாம் தும்முதுடி மசாலா."

"உன் மட்டி நாத்தத்துல என் ஏலக்காய எவனும் மோந்து பாக்க மாட்டேங்குறான். அதக் கேக்க நாதியில்ல."

மத்தியானம் நான் கொண்டுவரும் உருளைக்கிழங்கு ரொட்டியில் பாதி அவளுக்கு. அவள் தேங்காய்ப்பாலில் கொதிக்க வைத்த மட்டியில் பாதி எனக்கு. இதை நாங்கள் பேசி முடிவு செய்ததில்லை.

ஆள் நல்ல வாட்டசாட்டம். கணுக்கால் வரை தொங்கும் பூப்போட்ட அங்கிக்கு மேல் கணவனின் பழைய ரக்பிச் சட்டையைப் போட்டிருப்பாள். நாற்காலியில் உட்கார மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தால் பொய் சொல்லத் தோன்றும் என்பது அவளுடைய விசித்திரமான நம்பிக்கை. காலை ஒருபக்கமாக மடித்துப் பாயில்தான் உட்காருவாள். அந்தப் பாய் சாதாரணப் பாயில்லை. அவள் அமெரிக்கா போகிறாள் என்று தேவாலயப் பாடகர் குழுவே சேர்ந்து பின்னிக் கொடுத்த வழியனுப்புப் பாய். ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளிக் குஞ்சம் இருந்தது. பதினோரு வருஷத்து மட்டித் தண்ணீரில் நிறமெல்லாம் போய்விட்டது.

ஆமாம், வசிதிக்கு அமெரிக்காவில் குடியேற விசா தரும் குலுக்கல் விழுந்தது. இணையக் கடையில், கடைசி நாளில், கணவன் அபிசாய் விளையாட்டுப் போலத் தட்டிவிட்ட விண்ணப்பம். அவன் பேருந்துப் பட்டறை மெக்கானிக். ஆறாம் படிவம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, தேறியவள் அவள் என்பதால் அவள் பெயரில் போட்டான். பெயர், பிறந்த தேதி, படிப்பு, கணவன், பிள்ளைகள் இரண்டு. பையன்கள் இருவரின் படத்தையும் ஏற்றிவிட்டு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். மே மாதம் பார்த்தால் பெயர் வந்திருக்கிறது!

அன்றிலிருந்து தூதரகத்தில் நேர்காணல் நடந்த நாள் வரை எட்டு மாதம். எங்கள் வரிசையில் அப்படி ஒரு சந்தோஷமான காலம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மரவள்ளி விற்கிறவள் தன் மகனுக்குப் பந்து வாங்கி அனுப்பச் சொன்னாள். வாழைக்காய் விற்கிறவர் தனக்கு ஒன்றும் வேண்டாம், ஒரே ஒரு கடிதம் போதும் என்றார். அபிசாயின் ஒன்றுவிட்ட தம்பி கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊரில் வயதானவர்களைக் குளிப்பாட்டி விடும் வேலையில் இருந்தான். அங்கேதான் போய் இறங்குவதாகப் பேச்சு. அபிசாய் பழைய துணிக்கடையில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி, டிசம்பர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்து நின்றான்.

"எப்படி இருக்கேன், மசாலா?"

"அவிச்ச கெழங்கு மாதிரி இருக்க. அந்த ஊர்ல பனியே கெடையாதாமேடா."

"நாங்க போனா விழும், பாரு."

இன்றும் அந்த வீட்டில் காலத்தை அளப்பது அந்த வருஷத்தை வைத்துத்தான். "இந்தச் சைக்கிளா? நாங்க அமெரிக்கா போன வருஷம் வாங்குனது" என்பான் அபிசாய். போகவில்லையே என்று யாரும் திருத்துவதில்லை.

அவளுடைய மட்டி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். ஆற்றோடு மேலே போனால், வுனிதாவா என்ற ஊரையும் தாண்டி ஒரு கிராமம். அங்கே வசிதியின் அக்கா லோசலினி இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு முங்கி முங்கி எடுப்பாள். வெள்ளிக்கிழமை பேருந்தில் மூட்டை வந்துவிடும். அக்கா எடுப்பாள், தங்கை விற்பாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் லோசலினிக்குப் பிள்ளையில்லை. வசிதி இரண்டாவதாகக் கர்ப்பமாயிருந்தபோது அக்காவும் அவள் கணவனும் ஒரு தாம்புவாவோடு வந்து உட்கார்ந்தார்கள். தாம்புவா என்பது திமிங்கிலப் பல். அதை நீட்டிக் கேட்டதை மறுக்க முடியாது. கையில் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. பெண் குழந்தை பிறந்தது. பால் மறந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. உனாய்சி என்று பெயர் வைத்தவளும் லோசலினிதான்.

அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா என்ற முறை நம்மைப் போலவே தீவின் பூர்வகுடிகளான அவர்களுக்கும் உண்டு. அதனால் உனாய்சி வசிதியைச் சின்னம்மா என்று கூப்பிட்டாள். பள்ளி விடுமுறையில் சந்தைக்கு வந்தால் என் பலகைக்கடியில் படுத்துத் தூங்குவாள். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. வசிதியும் சொல்ல மாட்டாள். பல்லை வாங்கிக்கொண்ட பிறகு என் பிள்ளை என்றால் பிள்ளையை வாங்கினவர்களை அவமதித்ததாகும். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் "ரெண்டு பசங்க" என்பாள், முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. விண்ணப்பத்தில் அபிசாய் இரண்டு என்று போட்டதும் அதனால்தான். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. அவர்கள் கணக்கில் இரண்டேதான்.

நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை. தமாவுவா மேட்டிலிருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் நான் கூடப் போனேன். இரண்டு கைப்பேசி, சாப்பாட்டுப் பொட்டலம், குடை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு எதிரே பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஞாயிற்றுக்கிழமை உடையில், பையன்களை நடுவில் விட்டு, கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அபிசாய் அந்தக் கோட்டைப் போட்டிருந்தான்.

உள்ளே நடந்ததை அபிசாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வசிதி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. வலது கையைத் தூக்கி உண்மையே பேசுவோம் என்று சத்தியம் செய்தார்களாம். என்ன தொழில் என்று கேட்டதற்கு வசிதி மட்டி என்றதும் அவர் சிரித்து, எப்படிச் சமைப்பீர்கள் என்று விசாரித்தாராம். பாதி அமெரிக்கா அப்போதே வந்துவிட்டது என்பான் அபிசாய். பிறகு அவர் விசாவுக்காக உடம்பைச் சோதித்த மருத்துவரின் காகிதத்தைப் புரட்டினார். அதில் பிரசவம் மூன்று என்றிருந்தது. மருத்துவர் கேட்டது எத்தனை பிரசவம் என்று. "பெத்தது மூணு, பிள்ளைங்க ரெண்டு" என்று வசிதி உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்.

விண்ணப்பத்தில் இரண்டுதானே என்று அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் வருத்தத்தோடேயே, அந்தக் குழந்தை இறந்துவிட்டதா என்று கேட்டார்.

"நான் அவ கால மிதிச்சேன், மசாலா. தலைய ஒரு ஆட்டு ஆட்டியிருந்தாப் போதும். அவரே எடுத்துக் குடுத்துட்டாரு. செத்த பிள்ளைய எழுத வேண்டியதில்லையாம். மிதிச்சேனே ஒழிய எதுக்கு மிதிச்சேன்னு எனக்கே தெரியல. ஆமான்னு சொல்லுன்னா, சொல்லித் தொலைக்காதேன்னா?"

வசிதி ஜன்னலுக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியில் வாயை வைக்காத குறையாகச் சொன்னாளாம்:

"உசுரோட இருக்கா. பதினோரு வயசு. என் பொண்ணு."

பிறகு அதிகாரி நிறையக் கேட்டார். வேறொருவருக்குக் கொடுத்ததற்கு நீதிமன்றக் காகிதம் இருக்கிறதா? இல்லை, திமிங்கிலப் பல் இருக்கிறது. மொழிபெயர்க்கும் பெண் விளக்கினாள். அவர் கேலி செய்யவில்லை. எழுந்துபோய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும், கூட வந்தாலும் வராவிட்டாலும், எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம் என்றார். மன்னிக்கவும், விசா தர முடியாது என்றும் சொன்னார்.

வெளியே வந்து வசிதி என் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நனைந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையன்களுக்குக் கொடுத்து, தானும் தின்றாள். அபிசாய்தான் கோட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் போகப் போவதில்லை என்பதில் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அபிசாய்க்கு வாய் நீளம். கவா என்ற வேர்ப் பானம் குடிக்கும் இடத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டினான். சேதி ஆற்றை எதிர்த்து மேலே போனது. அந்த வெள்ளிக்கிழமை மூட்டை வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை, அதற்கடுத்த வெள்ளியும். மூன்று சனிக்கிழமைகள் வசிதி வெறும் பாயை விரித்து, முன்னால் ஒன்றுமில்லாமல், காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி இப்படி? ரேவா ஊர்க்காரிங்ககிட்ட ரெண்டு மூட்ட மட்டி வாங்கிப் போடேன்."

"அக்கா அனுப்புவா."

"அனுப்பலேன்னா?"

"வாய மூடுடி மசாலா." இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அமெரிக்கா கைவிட்டுப் போனதற்கு அழாதவள், அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாவது வாரம் வசிதியும் அபிசாயும் எங்கெங்கோ அலைந்து ஒரு தாம்புவா தேடிப் பிடித்தார்கள். தப்புக்கு மன்னிப்புக் கேட்கப் போவதென்றால் வெறுங்கையோடு போகக் கூடாது. நானும் ஐந்து கிலோ துவரம்பருப்போடு கூடப் போனேன். லோசலினி வீட்டில் கதவோரமாகத் தலைகுனிந்து உட்கார்ந்தோம். அபிசாய் பல்லை இரு கையிலும் ஏந்தி, என் மனைவியின் வாய் தவறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முறைப்படி பேசினான். லோசலினியின் கணவன் வாங்கிக்கொண்டார். வழக்கப்படி அதோடு முடிந்தது. லோசலினி முடிக்கவில்லை.

"அந்த ஜன்னல்ல என்ன சொன்ன?"

"உனக்குத்தான் தெரியுமே அக்கா."

"உன் வாயால கேக்கணும்."

"மாட்டேன். ஒரு தடவ சொன்னதுக்கே பல்லு தேடி நாயா அலைஞ்சாச்சு."

யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

"செத்துட்டான்னு சொல்லியிருந்தா இந்நேரம் அமெரிக்காவுல இருந்திருப்ப."

"இருந்திருப்பேன்."

"சொல்றதுக்கு என்ன கேடு?"

வசிதி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "உன் பொண்ணச் சாகடிச்சிட்டு நான் எந்த ஊர்ல போயிக் குடியிருக்கிறது அக்கா?"

லோசலினி கணவன் கையிலிருந்த பல்லை வாங்கி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "இசா" என்றாள் கடைசியில். ஐயோ பாவம், என் கண்ணே, அந்தக் காலம் போச்சே, இதெல்லாம் அவர்கள் மொழியில் அந்த ஒரு சொல்லில் அடக்கம். பிறகு, "வெள்ளிக்கெழம மூட்ட வரும். இந்தத் தடவ பெருசாவே இருக்கும், எறக்க ஆள் கூட்டிட்டுப் போ" என்றாள். வந்தது.

இதெல்லாம் பழைய கதை. போன டிசம்பரில் உனாய்சி செவிலியர் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கினாள். எங்கள் வரிசையே கடையை மூடிவிட்டுப் போனோம். வெள்ளைச் சீருடையில், கழுத்து நிறைய மாலையோடு, அவள் படிக்கட்டில் நின்றாள். நெற்றியும் நிற்கிற தோரணையும் அப்படியே யாருடையவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் இரண்டு குடும்பமும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். கூலிக்கு வந்த படக்காரனுக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது. எல்லோரையும் கையை வீசி விலக்கினான்.

"கூட்டம் போதும், தள்ளிக்கோங்க. அம்மா மட்டும் வாங்க. பொண்ணு பக்கத்துல வந்து நில்லுங்கம்மா."

லோசலினி ஓர் அடி எடுத்து வைத்தாள். என் பக்கத்திலிருந்த வசிதியின் காலும் அதே நேரத்தில் ஓர் அடி முன்னால் போயிற்று. உடனே அவள் குனிந்து, அந்தக் காலிலிருந்த செருப்பைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, அதில் இல்லாத கல்லை வெகு நேரம் உதறிக்கொண்டிருந்தாள்.