டிக்கட் எடுக்காத ஸ்டேசன்

எங்கள் ஸ்டேசன் என்றால் ஒரு சின்னக் கட்டடம், ஆட்கள் குந்த ஒரு சீமெந்து வாங்கு, இரண்டு வாகை மரம். வெள்ளைக்காரன் காலத்தில் நெல் ஏற்றுவதற்குக் கட்டியது என்பார்கள். சண்டைக் காலத்தில் கோச்சி வராமல் போனது, ஆட்கள் தண்டவாளத்தில் மாடு கட்டினார்கள். மறுபடி கோச்சி வந்தது, மாட்டை அவிழ்த்தார்கள். அதன் சரித்திரம் அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமையில் இரண்டு நாள் டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மெசினில் இரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். தவறினால் நெஞ்சில் தண்ணீர் சேர்ந்து மூச்சு முட்டும். ஒரு தரம்கூட விடக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஸ் என்றால் மெயின் றோட்டுவரை நடக்க வேண்டும், ஏறினால் கால் வைக்க இடமிராது, அவருக்கு வாந்தி வரும். ஓட்டோவுக்கு எங்களிடம் வசதி இல்லை. ஸ்டேசன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். காலைக் கோச்சியில் போய்ப் பின்னேரக் கோச்சியில் வருவோம். அதை நம்பித்தான் அவர் உயிர் கிடந்தது.

ஓட்டமாவடிப் புடவை வியாபாரி நானா ஒருவர் எங்களுக்கு முந்தியே ஏறி வருவார். நீளச் சீற்றில் புடவை மூட்டையைப் போட்டு, எங்களைக் கண்டதும் தூக்குவார்.

“வாங்க மச்சான், படுங்க. ராசா படுத்துட்டுப் போங்க, நாங்க பரிவாரம்.”

“பரிவாரம் ஒரு பிளேன்ரீ வாங்கித் தராதோ?” என்பார் இவர். தண்ணீர் அளந்து குடிக்கிற மனிதர், வாயால்தான் கேட்பார்.

டிக்கட் கொடுக்க ஸ்டேசனில் ஒரு தம்பி இருந்தார், தனி ஆள். அவர் கதவைத் திறந்து, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, சில்லறை தேடி எடுப்பதற்குள் கோச்சி வந்துவிடும். “பாவம், அந்தத் தம்பிய ஏன் காலங்காத்தால கரைச்சல் படுத்துவான்” என்று ஊரில் ஒருவரும் அவரிடம் டிக்கட் எடுப்பதில்லை. ஏறிப் போய், டவுனில் இறங்கி, அங்கே காசைக் கொடுப்போம். களவு இல்லை. அவருக்கு உதவி செய்வதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தோம். தம்பியும் சிரித்துக்கொண்டு கொடியைக் காட்டி அனுப்புவார்.

ஒரு நாள் காலை நாங்கள் போகும்போது தம்பி வெளியே நின்றார். முகம் சரியில்லை.

“அக்கா, இண்டையிலருந்து கோச்சி இஞ்ச நிக்காது.”

“ஏன் நிக்காது?”

“இஞ்ச ஆக்களே ஏறுறல்லயாம். டிக்கட் வித்தாத்தானே மேல உள்ளாக்களுக்குத் தெரியும்?”

“ஆக்கள் இல்லயாமோ? அப்ப இந்தா நிக்கிற மனிசன் என்ன, வேலியில நட்ட கதியாலோ?”

கத்தினேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் கத்தி என்ன பிரயோசனம். கோச்சி வந்தது, கூவியது, போனது. ஜன்னலில் நானாவைக் கண்டேன். மூட்டையை நெஞ்சோடு தூக்கிப் பிடித்தபடி, “மச்சான்!” என்றார். இவர் பாவம், ஏறுவதற்குச் சறத்தை ஒரு கையால் தூக்கியபடி நின்றார்.

பிறகு பஸ். சிலர் எழும்பி இடம் கொடுப்பார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் குலுக்கும், வாந்தி வரும், போய்ச் சேர்வதற்குள் ஆள் துவண்டுவிடுவார். கிழமைக்குக் கிழமை மெலிந்தார். எனக்குக் கவலைப்படக்கூட நேரமில்லை. வாளி, துவாய், தண்ணீர்ப் போத்தல் என்று அதிலேயே என் நாள் போனது.

ஒரு காலை அவர் பாயை விட்டு எழும்பவில்லை.

“இண்டைக்கு வேணாம் புள்ள.”

“விளையாடுறீங்களா? எழும்புங்க, பஸ் போயிரும்.”

“மெசினுக்கு வருவன். அந்த பஸ் எனக்கு ஏலா. மறுகா பார்ப்பம்.”

ஏசினேன், கெஞ்சினேன், கையைப் பிடித்து இழுத்தேன். கையை மெல்ல எடுத்துக்கொண்டார். அடுத்த முறைக்கும் அப்படியே படுத்திருந்தார். அதற்குப் பிறகு மூச்சு முட்டத் தொடங்கியது. ஓட்டோ பிடித்தோம், கடன்பட்டுத்தான். வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அழவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்கு அது ஒரு கதையாகப் போய்விட்டது, கல் மனசுக்காரி என்று. இருக்கலாம். எனக்கு உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை, சோறு சாப்பிட்டால் சோறு என்றுகூடத் தெரியவில்லை.

ஊர் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. கூடிப் போய் ரயில்வேப் பெரியவர்களிடம் கதைத்தார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். முப்பத்தோராம் நாள் படையலுக்கு ஸ்டேசன் தம்பியும் வந்தார். சோறு போட்டுக் கொடுத்தேன். பிசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, திங்கக்கிழமையிலருந்து கோச்சி நிக்குமாம். எல்லாரும் இஞ்சயே டிக்கட் எடுக்கட்டாம்.”

திங்கள் மெசின் நாள். வெள்ளன எழும்ப வேண்டும், அவருடைய வெள்ளைச் சட்டை தோய்க்கக் கிடக்கிறது என்று என் தலைக்குள் கடகடவென்று ஓடியது.

“நல்லம் தம்பி” என்றேன். “இவரிட்டச் சொல்றன்.”

தம்பி சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.