நெய் விட்ட சர்மாலே

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய கிழமை கமலாம்பிகை தன் வீட்டில் மீனுக்குத் தடை போட்டார். குளிர்பெட்டியைக் கழுவித் துடைத்தார், மீன்சட்டியைக் கராஜுக்கு அனுப்பினார், அடுப்பை உரஞ்சினார். லண்டன் நோர்பரியில் அந்தத் தெருவிலேயே வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாளெல்லாம் மீன் மணக்கிற வீடு அதுதான். கணவர் தியாகராஜாவின் முகம் தொங்கிவிட்டது.

"சம்பந்தி வாறா. விரதகாரி. அவவுக்கு இஞ்ச ஒரு குறையும் வரக்கூடாது."

"அவ வாறது ஒரு நேரச் சாப்பாட்டுக்கு. அதுக்கு நான் ஒரு கிழமை மரக்கறியோ?"

"ஓம்," என்றார் கமலாம்பிகை. அத்தோடு பேச்சு முடிந்தது.

சம்பந்தி என்பது வியோரிகா. ருமேனியாவில் யாஷ் என்ற நகரத்தில் தையல் வேலை செய்கிற அம்மா. அவருடைய ஒரே மகள் யுவானாவைத்தான் கமலாம்பிகையின் மகன் ரதீசன் கட்டியிருந்தான். மகள் தன் தேவாலயத்தை விட்டு இந்துக் கோயிலில் தாலி கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டதும் வியோரிகா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். பிறகு நெடுநாள் தொலைபேசியும் எடுக்கவில்லை. இப்போதுதான் மனம் இளகி, மகளைப் பார்க்க லண்டனுக்கு வருகிறார். அதுவும் நாலு நாளுக்கு. ஈஸ்டருக்கு முன்னரே திரும்பப் பயணம். சம்பந்தி தன் வீட்டில் கை நனைத்தால்தான் இந்தக் கல்யாணம் உண்மையாக முடிந்தது என்பது கமலாம்பிகையின் கணக்கு. கோபக்காரர் ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள் என்பதைக் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

கல்யாணம் முடித்து ஜெர்மனிக்குப் போனவர் அவர். டோர்ட்முண்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பம் லண்டனுக்கு வந்தபின் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எவர் வீட்டுச் சாப்பாட்டையும் இரண்டு தரம் பார்த்தால் மூன்றாம் தரம் தானே செய்துவிடுவார். அவருக்குக் கைவராத ஒரே வித்தை, செய்ததைப் பற்றி வாய் திறவாமல் இருப்பது.

ருமேனியச் சமையல் அவர் கைக்கு வந்தது யுவானாவால். கல்யாணமான புதிதில் அந்தப் பெண் பெற்ற தாயின் குரலைக் கேட்காமல் வாடிப்போனாள். என்ன வைத்தாலும் சாப்பாட்டுக் கோப்பையில் கிளறிக்கொண்டிருப்பாள். "உன்ர அம்மா என்னத்தைச் சமைச்சா நீ விரும்பிச் சாப்பிடுவாய்?" என்று கமலாம்பிகை கேட்டார். சர்மாலே என்றாள். கோவா என்கிற முட்டைக்கோஸ் இலையில் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி அவிப்பது. யுவானாவுக்குச் சாப்பிடத்தான் தெரியும், செய்யத் தெரியாது. கையால் சுருட்டிக் காட்டினாள். அது போதும் என்றார் கமலாம்பிகை.

லண்டன் றோட்டு ருமேனியக் கடையில் புளித்த கோவா இலைப் போத்தல் வாங்கினார். யாரோ ஒரு ருமேனியப் பெண்மணியின் வீடியோவை, ஒரு சொல்லும் விளங்காமல், அவருடைய கையை மட்டும் பார்த்துப் படித்தார். முதல் தரம் இலையை ஊறவைக்கவில்லை. உப்பு வாயில் வைக்க முடியவில்லை. அடுத்த தரம் இறுக்கிச் சுருட்டியதில் அரிசி வீங்கி எல்லாம் வெடித்துப் பரந்துவிட்டது. அதற்கடுத்த தரம் சரிவந்தது. யுவானா சாப்பிட்டுவிட்டு மேசையில் இருந்தபடியே அழுதாள். அதுவரை கமலாம்பிகைக்கும் இந்தக் கல்யாணத்தில் முழு மனம் கிடையாது, அதை மறைப்பானேன். அன்றோடு அந்தக் குறை போய்விட்டது. சர்மாலேக்குப் பின்னால் கொசோனாக்கும் வந்தது. வால்நட் பருப்பை அரைத்து உள்ளே சுருட்டிச் சுடுகிற பண்டிகைப் பாண் அது. பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் ஆளாளுக்குச் சொல்லிவைத்து வாங்கிப்போகத் தொடங்கினார்கள்.

ஆகவே யுவானா தொலைபேசியில், "அம்மா ஈஸ்டர் விரதம், மாமி. இறைச்சி சாப்பிடமாட்டா," என்று சொன்னபோது கமலாம்பிகை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"விரதமோ? அதை என்னட்டை விடு, பிள்ளை."

விரதம் பிடிப்பதில் அவருக்குப் பாடம் எடுக்க யாரால் ஏலும்? கந்தசட்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்து பழகியவர். இறைச்சி ஆகாது, மீன் ஆகாது, முட்டை ஆகாது. பால், தயிர், நெய் மூன்றும் சுத்தத்திலும் சுத்தம். ஆகவே சர்மாலேக்குள் காளானும் சோறும் வைத்து நெய்யைத் தாராளமாக விட்டார். பக்கத்தில் வைக்கப் புளித்த கிரீம் எடுத்தார். மமலீகா என்கிற சோள மாக் களியில் பட்டரும் சீஸும் பிசைந்தார். கொசோனாக்கில்தான் கெட்டித்தனம் முழுவதையும் காட்டினார். முட்டைக்குப் பதிலாகத் தயிரும் கட்டிப்பாலும் விட்டு, முட்டையே இல்லாமல் அதைப் பொங்கவைத்துவிட்டார். யுவானாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தாயும் மகளும் பார்த்து அதிசயிக்க வேண்டும் என்ற ஆசை.

ஞாயிறு காலை ருமேனியச் சர்ச்சில் பூசை முடிந்து, ஆசீர்வதித்த மரக்கிளைகளைக் கையில் பிடித்தபடி வியோரிகா வந்தார். மெலிந்த மனுஷி, தலையில் துணி கட்டியிருந்தார். கமலாம்பிகையின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். மேசையைப் பார்த்ததும் கண் விரிந்தது. "சர்மாலே," என்று மெதுவாகச் சொன்னார். கமலாம்பிகைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ரதீசன் எல்லோருக்கும் பரிமாறினான். வியோரிகா ஒன்றை முள்ளுக்கரண்டியால் பிளந்தார். உள்ளே நெய் மினுங்கியது. மகளிடம் ஏதோ கேட்டார். யுவானாவின் முகம் சிவந்தது. தலையாட்டினாள். வியோரிகா களியைக் காட்டிக் கேட்டார், கொசோனாக்கைக் காட்டிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் யுவானா தலையாட்டினாள். வியோரிகா கரண்டியைக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கமலாம்பிகை அந்தக் கரண்டியையே பார்த்தார். சம்பந்திக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, வந்தது மகளுக்காக, கை நனைக்க மாட்டா. அவருக்கு அப்படித்தான் பட்டது. தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

யுவானா பின்னாலேயே ஓடிவந்தாள். "மாமி, என்ர பிழை. நான் விரதம் பிடிக்கிறேல்லை, அதால வடிவாச் சொல்லேல்லை. அம்மான்ர விரதத்துக்குப் பால் கூடாது. பட்டரும் கூடாது."

"பால் கூடாதோ? பசு தாற பாலோ?"

"பசு தாறதாலதான் மாமி கூடாது. மிருகத்தில இருந்து வாறது."

கமலாம்பிகைக்கு அழுகையே நின்றுவிட்டது. பால் ஆகாத விரதத்தை அவர் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. "அப்ப அந்த மனுசி என்னத்தைத்தான் சாப்பிடுறது?"

"கடலை, உருளைக்கிழங்கு, மரக்கறி." யுவானா கொஞ்சம் தயங்கினாள். "இண்டைக்கு மட்டும் மீன் சாப்பிடலாம். குருத்தோலை ஞாயிறு எண்டபடியால்."

"விரதத்தில மீனோ?"

அந்தச் சொல் சாப்பாட்டு மேசை வரை கேட்டிருக்கவேண்டும். தியாகராஜா குசினி வாசலில் வந்து நின்றார். ஒரு கிழமை மரக்கறி தின்ற முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இஞ்சாரும், கோவிக்காதையும். கராஜுக்குள்ள ஒரு சட்டி மீன்குழம்பு கிடக்கு."

மனைவி முதல்நாள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கராஜில் இருந்த காஸ் அடுப்பில் பாரைமீன் சமைத்து ஒளித்துவைத்திருந்தார் மனுஷன். வேறு நாளாக இருந்தால் அந்த வீடு இரண்டுபட்டிருக்கும். கமலாம்பிகைக்கு வந்ததோ வேறு பயம்.

"தேங்காய்ப்பால் விட்டனீங்களோ?"

"விடாமல்? ரெண்டாம் பாலும் விட்டனான், முதற்பாலும் விட்டனான்."

"ஐயோ, அதுவும் பால்தானே," என்று கமலாம்பிகை சுவரோடு சாய்ந்தார். யுவானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமி, அது மரத்தில இருந்து வாறது. சாப்பிடலாம்."

அப்போது வியோரிகாவே குசினிக்குள் வந்தார். கமலாம்பிகையின் ஈரக் கண்ணைப் பார்த்ததும் அவர் முகமும் வாடியது. கமலாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகச் சொன்னார். யுவானா மொழிபெயர்த்தாள்.

"ஊரில இருந்து வெளிக்கிடேக்கை அம்மா சாமிப்படத்துக்கு முன்னால நேர்ந்தவாவாம். மாமி என்ன தந்தாலும் மிச்சம் விடாமச் சாப்பிடுறதெண்டு. கலியாணத்துக்கு வராததை அப்பிடித்தான் தீர்க்க நினைச்சாவாம். இப்ப விரதத்தை முறிக்கிறதோ, நேர்த்தியை முறிக்கிறதோ தெரியாமத்தான் கரண்டியை வைச்சவா."

கமலாம்பிகை அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். ஒரு கிழமை நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாரம் இறங்கிவிட்டது. கோபம் இல்லை. அந்த ஒரு சொல் போதும் அவருக்கு.

தண்ணீரில் சோள மா கொட்டி, உப்பு மட்டும் போட்டுப் புதிதாகக் களி கிண்டினார். மீன்குழம்பு சூடாகி வந்தது. தங்கள் ஊரிலும் மமலீகாவுக்கு மீன் பொருத்தம் என்று வியோரிகா சொன்னாராம். முதல் வாயிலேயே உறைப்பில் கண்ணால் நீர் ஓடியது. தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த வாயை எடுத்தார். தியாகராஜா இரண்டாம் துண்டு போட்டார், அதுவும் போனது. நேர்த்தி என்றால் நேர்த்திதான், கோப்பையில் முள்ளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

வியோரிகா கை கழுவி வந்து கொசோனாக்கை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். முட்டை இல்லாமல் இது எப்படி எழும்பியது என்று கேட்டார். விரதத்துக்கு முட்டை கூடாது என்று மாமி அதைத் தவிர்த்ததாக யுவானா விளக்கினாள். "பால் விடலாம், முட்டை மட்டும் கூடாதோ? அது என்ன விரதம்?" என்று வியோரிகா கேட்டதை மொழிபெயர்ப்பதற்குள் யுவானாவே சிரித்து முடித்துவிட்டாள்.

பிறகு வியோரிகா மகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். யுவானாவுக்குக் கண் நிரம்பிவிட்டது.

"என்ன பிள்ளை?"

"அம்மா டிக்கெட்டை மாத்தச் சொல்லுறா. ஈஸ்டருக்குத் தனிய இருந்து விரதம் முடிக்க ஏலாதாம். இந்த மேசையில இருந்து முடிக்கப் போறாவாம்."

கமலாம்பிகை சம்பந்தியைப் பார்த்தார். சொல்ல எவ்வளவோ இருந்தது, சொல்ல மொழி இல்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, கடை பூட்ட முந்திப் போய்க் கொசோனாக்குக்கு முட்டை வாங்கிக்கொண்டு வாங்கோ."

"ஈஸ்டருக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்குதப்பா."

"கிடக்கட்டும். போங்கோ," என்றார் கமலாம்பிகை, இன்னமும் வியோரிகாவின் கையை விடாமல்.