அம்பூ

சுயம்பு சிறிது தூரம் நடப்பார். சட்டென்று திரும்பிப் பார்ப்பார். மறுபடி நடப்பார், மறுபடி திரும்புவார். தாராவித் தோல் ஷெட்டுக்குப் போகும் சந்தில் புதிதாய் வருகிறவர்கள் அவரைத் திருடன் என்றே நினைக்கிறார்கள். எங்கள் லேபர் கேம்ப்காரர்களுக்குக் காரணம் தெரியும்.

சுண்ணாம்பில் ஊறிய தோலை வழித்து வழித்து விரல் நுனிகள் வெளுத்துப்போன மனிதர். பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. ஊர் அவரை ஊமை என்கிறது. ஆனால் சிரித்தால் கணீரென்று சிரிப்பார். கத்தி கையைக் கீறினால் அலறுவார்.

"தொண்டையில ஒரு கொறையும் இல்லியாம் அண்ணாச்சி. காதுல விழுந்தாத்தான நாக்குல வரும்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்று பக்கத்து அறைக்காரனான என்னிடம் சொன்னாள், அவர் மனைவி தங்கமயில்.

நாற்பத்தாறில் பம்பாயில் இந்து முஸ்லிம் கலகம் மூண்டபோது வழியில் ஆட்களை மறித்துப் பேர் கேட்டார்கள். வாய் திறக்காதவனை என்ன செய்வார்கள் என்று நினைத்தே தங்கமயிலுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் அழுத்தி, அதிர்வு தெரியும்படி "சுயம்பு... சுயம்பு" என்று சொல்லிக் காட்டினாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். உதடு ஒட்டிப் பிரியும் எழுத்துகள்தாம் அவர் கண்ணுக்கு அகப்பட்டன. வியர்த்து விறுவிறுத்து ஒருநாள், "அம்பூ" என்றார். பிறந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

கலகம் சற்று அடங்கினாற்போல் இருந்த ஒரு மத்தியானம், ஷெட்டிலிருந்து திரும்பும் வழியில் அவரைச் சிலர் மறித்தார்கள். ஒருவன் கையில் கத்தி. கூட வேலை செய்யும் முகம்மது ஹனீப் பின்னால் வந்துகொண்டிருந்தவர், சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார்.

"கூப்பிட்டா அவனுக்கா கேக்கப்போவுது? அவனுவளுக்குத்தான் கேக்கும்" என்றார் ஹனீப் என்னிடம். அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பதை அவர் இன்றுவரை சொல்லவில்லை.

"நாம் போல்" என்று ஹிந்தியில் பேர் கேட்டான் கத்திக்காரன். சுயம்பு அவன் உதட்டைப் பார்த்தார். "அம்பூ" என்றார். அவன் மறுபடி கேட்டான். மறுபடியும் "அம்பூ." வேஷம் போடுகிறான் என்று ஹிந்தியில் சொன்னான் இன்னொருவன். ஒரு தகர டின்னையும் இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு, சுயம்புவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். கத்தி அவர் வயிற்றுக்கு நேராக வந்தது.

டின்னில் அடி விழுந்தது. ஹனீப் நின்ற இடத்திலேயே துள்ளிவிட்டார். சுயம்புவின் இமைகூட அசையவில்லை. கத்திக்காரன் சிரித்துவிட்டு அவரைப் பிடித்துத் தள்ளினான். எல்லோரும் நகர்ந்தார்கள். தான் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சுயம்பு அவர்கள் பின்னாலேயே போய், "அம்பூ, அம்பூ" என்றார். ஹனீப் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

முதுகுக்குப் பின்னால் டின் அடித்ததை ஹனீப் சைகையில் காட்டிய பிறகுதான் சுயம்பு சட்டென்று திரும்பிப் பார்த்தார். அன்று பிடித்ததுதான் இந்தத் திரும்பிப் பார்க்கும் பழக்கம்.

தங்கமயிலின் பயம் வேறு. "இப்பத் திரும்பித் திரும்பிப் பாக்காவளே. நாளைக்கு எவனாவது அந்த மாதிரி நிறுத்துனா, டின்னுல அடிக்கிற நேரம் பாத்துத் திரும்பிட்டாவன்னா? காது கேக்குதுன்னுல்லா நெனைப்பானுவ" என்கிறாள். "பேரையும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அது தெளிவா வந்து, அவனுவளுக்கு ஆகாத பேரா இருந்திருந்தா?"

பாடத்தை அவள் அன்றே நிறுத்திவிட்டாள். அவர் நிறுத்தவில்லை. நேற்று சாயங்காலம் அவர்கள் அறைக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த சுயம்பு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்திலிருந்த தங்கமயிலின் கையை எடுத்துத் தம் தொண்டையில் வைத்துக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி, "அய்யம்பூ" என்றார். முன்னைவிடத் திருத்தமாகவே வந்தது.

தங்கமயில் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். தொண்டையிலிருந்த கையை மெல்ல மேலே கொண்டுபோய் அவர் வாயைப் பொத்தினாள்.