பெனிட்டாவின் வாளி

என் கடையில் படகு எஞ்சினுக்கு ஊற்றும், குளிரில் உறையாத கிளைகால் திரவம் இரண்டு நிறத்தில் இருக்கும். பச்சை விலை குறைவு, குளிரையும் தாங்கும், ஆனால் விஷம். இளஞ்சிவப்பு விலை அதிகம், கடலில் கொஞ்சம் சிந்தினாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. அக்டோபர் வந்தால் தீவே என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு எதை வாங்குவது என்று கேட்கும். முப்பது வருஷமாக ஒரே பதிலைச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எஞ்சினைச் சூடாக்கு, கடல் தண்ணீர் வருகிற குழாயை மூடு, கிளைகால் உள்ள வாளியில் இருந்து அதை உறிஞ்ச விடு, பின்னால் புகைக்குழாயில் நிறமாக வந்தால் நிறுத்து. படகைக் கரையேற்றிவிட்டு மே மாதம் வரை மறந்துவிடு. உள்ளே தண்ணீர் நின்று உறைந்தால் எஞ்சின் வெடித்துப் பிளந்துவிடும், அதற்குத்தான் இந்தப் பாடு. வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலை.

பெனிட்டா அதைத் தினமும் செய்தாள்.

பெனிட்டா எங்கள் பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் ஒரே நர்ஸ். வயது ஐம்பத்தாறு. பதினெட்டு வயதில் ஸ்டாக்ஹோம் கப்பலில் தட்டு கழுவப் போனவள், கல்யாணம் செய்துகொண்டாள், அது சரிப்படவில்லை, இரண்டு பையன்களை வளர்த்து ஸ்வீடனுக்கு அனுப்பினாள், நாற்பதுக்கு மேல் புத்தகத்தைத் தூக்கி நர்ஸ் ஆனாள். சிரிக்கத் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். தெரியும், நேரம்தான் இல்லை.

அந்த வருஷம் ஹால்ஷேர் தீவில் ரூனார் சாகக் கிடந்தார். பெரிய கப்பல்களைப் பாறை இடிக்காமல் துர்கு துறைமுகத்துக்கு வழிகாட்டிக் கொண்டுபோன மாலுமி. கணையத்தில் புற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, தன் கட்டிலில், தன் ஜன்னலுக்குப் பக்கத்தில் சாகவேண்டும். ஹால்ஷேரில் குளிர்காலத்தில் அவரும் மனைவி டாக்னியும் மட்டும்தான். வலி மருந்து ஏற்றும் பம்பை டாக்னியின் நடுங்கும் கைகளால் மாற்ற முடியாது. நர்ஸ் தினமும் போக முடிகிறவரை அவர் வீட்டில் இருக்கலாம், முடியாத நாளில் ஹெலிகாப்டர் வந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதுதான் ஏற்பாடு.

நவம்பர் தொடக்கத்தில் மற்ற படகெல்லாம் கரையேறிவிட்டன. பெனிட்டாவின் படகு மட்டும் தண்ணீரில் கிடந்தது. பழைய டீசல் எஞ்சின், தண்ணீர் வடிக்கிற திருகு துருப்பிடித்து இறுகிப்போனது. அவள் துறையில் மின்சாரமும் இல்லை, ஹீட்டர் வைக்க வழியில்லை. ஆகவே சாயங்காலம் திரும்பியதும் எஞ்சினுக்குள் இளஞ்சிவப்பை ஏற்றுவாள். காலையில் கிளப்பும்போது பின்னால் குனிந்து, வெளியே வருவதை வாளியில் பிடித்து, திரும்ப கேனில் ஊற்றி வைப்பாள். மறுபடி சாயங்காலம் அதையே ஏற்றுவாள். எவ்வளவு பிடித்தாலும் கொஞ்சம் கடல் தண்ணீர் கலக்கும். அதனால் நாளுக்கு நாள் கிளைகால் நீர்த்துக்கொண்டே வந்தது. ஒரு சொட்டை விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எத்தனை டிகிரி குளிர் வரை தாங்கும் என்று காட்டும், கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் குழல் கண்ணாடி ஒன்றை அவளுக்கு நான்தான் கொடுத்தேன். எண் தினமும் குறைவதை அவள் சொல்லக் கேட்டு, அதை ஏன் கொடுத்தோம் என்று ஆகிவிட்டது.

ரூனாருக்கு அந்தக் கண்ணாடி ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் உள்ளே நுழைந்ததும் வணக்கத்துக்குப் பதிலாக அதைத்தான் கேட்பார்.

"இன்னைக்கு எத்தனை, பொண்ணே?"

"மைனஸ் இருபத்தாறு."

"நேத்து இருபத்தெட்டு சொன்னே. உன் வாளியா நானா, யாரு முதல்ல காலியாகுறோம்னு பாப்போம்."

"நீதான். வாளிக்கு உன்ன மாதிரி வாய் கிடையாது."

டாக்னி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு நேரில் தெரிந்தது பெனிட்டாவின் முகம். சாயங்காலம் ரொட்டி வாங்க வருவாள், மேஜையில் முழங்கையை ஊன்றுவாள், நான் சில்லறை எடுப்பதற்குள் நின்றபடியே கண் சொருகிவிடும். டிசம்பர் முதல் வாரம் பனி படிந்த துறையில் வாளியோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"போதும் பெனிட்டா. நீ படுத்துட்டா உன்ன யாரு பாக்குறது?"

"எனக்கு வேற நர்ஸ் அனுப்புவாங்க."

"விளையாடாதே. மனுஷன் எப்படியும் போகப்போறார். ஆஸ்பத்திரியில போனா என்ன, வீட்ல போனா என்ன?"

அவள் ரொட்டியைப் பையில் வைத்தாள். "ஒண்ணு சொல்றேன் சிக்ஸ்டன், யார்கிட்டயும் சொல்லாதே. காலையில படகை அவுக்கும்போது, ராத்திரியே அவர் போயிருக்கணும்னு வேண்டிக்கிறேன். தினமும். அங்க போனா உயிரோட சிரிக்கிறார். எனக்கு என்னையே காறித் துப்பலாம் போல இருக்கு."

அவள் போனதும் நான் செய்த காரியம் இது. கடையில் மீதி இருந்த இளஞ்சிவப்பு கேன்கள் நான்கையும் பின்னறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டேன். கேன் இல்லாவிட்டால் நிறுத்துவாள். நிறுத்தினால் பிழைப்பாள். எனக்கு அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் வந்தாள்.

"சிவப்பு ரெண்டு கேன் குடு. மைனஸ் பதினொண்ணுக்கு வந்திடுச்சு. நாளை மறுநாள் குளிர் பதினேழு அடிக்குமாம்."

"தீர்ந்துபோச்சு."

"எப்ப வரும்?"

"அடுத்த வியாழக்கிழமை கப்பல்ல. பச்சை இருக்கு, வேணுமா?"

அவள் பச்சைக் கேனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "காலையில எவ்வளவு பிடிச்சாலும் முதல் துப்பல் கடல்லதான் போவுது. சவுனா ஆவியில வேர்த்துட்டு வந்து நாம எல்லாரும் குதிக்கிற தண்ணி அது. வேண்டாம்." என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் கடை திறந்ததும் வாசலில் நின்றாள். பெரிய முதுகுப் பையும் மருந்துப் பெட்டியும் வைத்திருந்தாள்.

"பச்சையே குடு," என்றாள்.

மீனுக்காக முப்பது வருஷம் ஊரோடு சண்டை போட்டவள் அவள். போன வருஷம்கூட ஒருவன் பச்சையைத் துறையில் கொட்டினான் என்று படகுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அவன் மானத்தை வாங்கினாள். அப்படிப்பட்டவளை இந்த வார்த்தையைச் சொல்ல வைத்தவன் நான். பின்னறைக்குப் போனேன், சாக்கை விலக்கினேன், இரண்டு இளஞ்சிவப்புக் கேன்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

"நேத்தே தெரியும்," என்றாள். "உனக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துபோச்சு."

"நீ விழுந்து சாகக் கூடாதுன்னு..."

"தெரியும். அதுக்குத்தான் உன்ன அடிக்கல." கேன்களைத் தூக்கினாள். "இது போதும். இன்னையோட வாளி வேலை முடிஞ்சுது."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. கடைசியாக ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வரப்போகிறாள், திரும்பி வந்து படகைக் கரையேற்றுவாள், ஹெலிகாப்டருக்கு ஃபோன் போயிருக்கும் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். முதுகுப் பை எதற்கு என்று யோசிக்கவில்லை. முட்டாள்.

மத்தியானம் ஃபோன் வந்தது. "சிக்ஸ்டன், என் வீட்டு ஜன்னல்ல இருக்கிற செடிக்குத் தண்ணி ஊத்து. படகு ரூனாரோட கொட்டகையில ஏறிடுச்சு."

"என்னது?"

"எஞ்சினுக்குக் குளிர்காலத்துக்கு ஊத்துறதை இங்கயே ஊத்திட்டேன். நானும் டாக்னியும் சேர்ந்து இழுவைச் சக்கரத்தைச் சுத்தி ஏத்தினோம். லீவு எழுதிக் குடுத்துட்டேன், கப்பல் போற தீவுங்களுக்கு வேற ஆள் வருது. மருந்து ரெண்டு வாரத்துக்கு இருக்கு."

"உனக்குப் பைத்தியமா? கடல் உறைஞ்சு இறுகினா எப்படி வருவே?"

"வரமாட்டேன்."

"உனக்கு எவ்வளவு நல்ல மனசு, பெனிட்டா." உளறினேன்.

"நல்ல மனசெல்லாம் இல்ல. அந்த வாளியை இன்னொரு தடவை தூக்க முடியல. அவ்வளவுதான்." வைத்துவிட்டாள்.

அதற்கு முன்னால் உள்ளே நடந்ததை டாக்னி பிறகு சொன்னார். பெனிட்டா கையைத் துடைத்துக்கொண்டு நுழைந்ததும் ரூனார் வழக்கம்போல எத்தனை என்று கேட்டிருக்கிறார்.

"மைனஸ் முப்பது."

"பொய் சொல்றே. நேத்து பதினொண்ணு."

அவள் கண்ணாடியை எடுத்து அவர் கண்ணருகே ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். ரொம்ப நேரம் பார்த்தாராம். வாழ்நாள் முழுக்கக் கடலில் இருந்தவர், புரியாதா? புதுசு முழுசாக ஊற்றியிருக்கிறது. திரும்பிப் போகிறவள் இங்கே ஊற்றமாட்டாள், அப்படியென்றால் படகு மேலே.

"அப்போ நீ திரும்பிப் போக முடியாதே."

"முடியாது."

"நான் சீக்கிரம் போகலன்னா?"

"மெதுவாப் போ. எனக்குத் தூங்கணும்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாராம். பிறகு, "டாக்னி, இவளுக்கு மேல் அறையில கம்பளி ரெண்டு போடு, அது குளிரும்," என்றாராம்.

பதினொரு நாள் இருந்தார். ஒரு மத்தியானம், அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில், டாக்னி காபி கொண்டுவரப் போயிருந்தபோது போனார். உறைந்த கடல்மேல் எல்லைக் காவலர்களின் பனிவண்டியில் நானும் போய், ரூனாரையும் சேர்த்து மூவரையும் கூட்டிவந்தேன். வழி முழுக்க பெனிட்டா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அசையவில்லை.

மே மாதம் படகை இறக்க மறுபடி ஹால்ஷேருக்குப் போனோம். டாக்னி அதற்குள் அங்கேயே திரும்பி வந்துவிட்டிருந்தார். பெனிட்டா எஞ்சினைக் கிளப்பினாள். நான் வாளியை எடுக்கப் போனேன், டாக்னி விடவில்லை. தானே துறையின் ஓரத்தில் மண்டியிட்டு, புகைக்குழாய்க்கு அடியில் நடுங்கும் கைகளால் வாளியைப் பிடித்தார். இளஞ்சிவப்பாக வந்து விழுந்தது.

"இன்னைக்கு எத்தனை, பொண்ணே?" என்று கேட்டார் டாக்னி.

பெனிட்டா ஒரு சொட்டை விட்டுக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள், எடுத்தாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள். அவளால் பார்க்க முடியவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"மைனஸ் முப்பது," என்றேன். "அப்படியே இருக்கு."

டாக்னி தலையை ஆட்டினார். வாளியில் இருந்ததை ஒரு சொட்டும் சிந்தாமல் கேனில் ஊற்றி மூடினார். வீட்டில் காபி ஆறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.