சந்தனத்தின் மேல் போட்ட பழி

அந்த மதர்போர்டைக் கெடுத்தவன் நான்தான். தேவி இல்லை. அவள் வைத்த சந்தனமும் இல்லை.

சொல்லிவிட்டேன். நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன்... ஒன்றும் ஆகவில்லை.

நான் கொரட்டூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். என் நண்பன் முருகன் ஏரிப் பக்கம் அழைப்பிதழ் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். கடை அவனுடையது, வேலை அவன் மனைவி தேவியுடையது. கல்யாணமோ மஞ்சள் நீராட்டோ, அவள் கை பட்ட பத்திரிகைதான் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் முகமே வேறு!

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அவள் வேலை வேகமாக நடக்கட்டும் என்றுதான் அந்தக் கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசஸரும் அதன் மேல் ஓடும் ஃபேனும் மாற்றினேன். பழைய ஃபேனின் கிளிப் இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், வழுக்கிவிட்டது. மதர்போர்டில் ஆழமான கீறல். முடி போன்ற செம்புக் கோடு ஒன்று பாதி அறுந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டேன், திரை வந்தது. மூடிவிட்டேன். ஏன் மூடினேன்? சாப்பாட்டு நேரம், பசி. வேறென்ன காரணம் சொல்ல!

பூஜை முடிந்து கடை திறந்ததும் முருகன் கூப்பிட்டான். "மச்சான், சிஸ்டம் ஆன் ஆவ மாட்டேங்குது. ஒட்னே வா."

போனேன். கேபினட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் வழிந்து காய்ந்திருந்தன. தராசுக்கு வைக்கிறோம், ஸ்கூட்டருக்கு வைக்கிறோம், அதைப் போலத்தான். திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. அந்தக் கோடு மட்டும் முழுதாக அறுந்திருந்தது.

"சந்தனம் உள்ள பூந்துடிச்சா மச்சான்?" என்றான் முருகன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்! பொய் சொல்ல வாயைக்கூடத் திறக்கவில்லை.

கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவன் தேவியின் பக்கம் திரும்பினான். "யாருடி உன்ன அதும் மேல ஊத்த சொன்னது? இனிமே நீ இத தொடவே கூடாது!"

"கொஞ்சமாத்தான் வெச்சேன்ணா..." என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு எடுத்துவந்து, பச்சைப் பூச்சைச் சுரண்டி, லென்ஸ் வைத்து, மெல்லிய கம்பியால் அந்தக் கோட்டை இணைத்துப் பற்றவைத்தேன். இன்றுவரை ஓடுகிறது. கை நடுங்கவே இல்லை... அதை நினைத்தால் எனக்கே என்னவோ போலிருக்கிறது.

முருகன் வேலைக்கு வேறு ஆளை வைத்தான். தேவி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டப் போனாள். முருகனோடு எத்தனை முறை டீ குடித்திருக்கிறேன்! வார்த்தை வாய்வரை வரும்... சொன்னால் எந்தக் கடைக்காரன் என்னை நம்பிக் கூப்பிடுவான்? நீங்கள் கூப்பிடுவீர்களா?

சென்ற மாதம் கொரட்டூர் ஸ்டேஷனில் அவளே எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். நான் பண்ண தப்புக்கு நீங்க கஷ்டப்பட்டு அந்த போர்ட சரி பண்ணீங்க. மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்கண்ணா."

இப்போதாவது சொல்லடா என்று உள்ளே ஒரு குரல் கேட்டதா? இல்லை. எதுவுமே கேட்கவில்லை.

"பரவால்ல, வுடும்மா" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலேறினாள். நான் அவளை மன்னித்துவிட்டேன்.